49 வெள்ளிப் பாம்புக்கடிப் பெட்டி: ஒரு பழைய டிரசரின் விமர்சனம்

ஒரு நட்சத்திரம் கொடுத்திருக்கிறேன். அதுவும் பெட்டிக்குத்தான். கெட்டியான மஞ்சள் பிளாஸ்டிக், மூடி இறுக்கமாக உட்காருகிறது, மழைத்தண்ணீர் உள்ளே போகாது. உள்ளே இருக்கிற சாமான்களால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியதாகிவிட்டது.

வாங்கியது நான் இல்லை, மாப்பிள்ளை. மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாடாங் செராய்க்கு வெளியே கொஞ்சம் செம்பனை (எண்ணெய்ப் பனை) நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். சனி, ஞாயிறு என்றால் அங்கேதான் கிடப்பார். மட்டைக் குவியலுக்கு அடியில் நாகம் ஒன்று நுழைந்ததை வேலையாள் பார்த்துச் சொன்னதும், அன்று இரவே கைப்பேசியில் தேடி இந்தப் பெட்டியை வரவழைத்துவிட்டார். விலை 49 வெள்ளி (ரிங்கிட்), தபால் செலவு இல்லை. "மாமா, நீங்க டிரசரா இருந்தவரு, ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க" என்று என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். ரப்பர் மரம் நின்ற காலத்தில் தோட்ட மருந்தகத்தில் டிரசராக, அதாவது மருத்துவ உதவியாளராகச் சேர்ந்தவன் நான். செம்பனை வந்த பிறகு ஓய்வு பெற்றேன். பாம்புக்கடிக்காரர்களை இரண்டு காலத்திலும் பார்த்திருக்கிறேன். பாம்பு வகைதான் கொஞ்சம் மாறியது. செம்பனை வந்தால் எலி வரும், எலியைத் தேடி நாகம் வரும்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது? கையால் இழுக்கும் உறிஞ்சு பம்ப் ஒன்று, அதன் வாயில் பொருத்த வெவ்வேறு அளவில் குப்பிகள், கை கால்களை இறுக்கிக் கட்ட ரப்பர் பட்டை, சின்ன பிளேடு, ஸ்பிரிட் தடவிய துடைப்புக் காகிதம், மடித்து வைத்த விளக்கத்தாள். தாளில் படம் போட்டிருக்கிறார்கள்: முதலில் கட்டு, பிறகு கீறு, பிறகு உறிஞ்சு. ஆஸ்பத்திரி என்ற சொல்லைத் தேடினேன். கடைசி வரியில் பொடி எழுத்தில் இருந்தது.

இதற்கு விற்பனைப் பக்கத்தில் 4.9 நட்சத்திரம்! பாதிப் பேர் பெட்டியைத் திறக்காமலே "சீக்கிரம் வந்துவிட்டது, நல்ல பேக்கிங்" என்று எழுதியவர்கள். அவர்களை விட்டுவிடலாம். என்னை யோசிக்க வைத்தவர்கள் வேறு சிலர். "அப்பாவைப் பாம்பு கடித்தது, இதை வைத்து உறிஞ்சினோம், ஒன்றும் ஆகவில்லை" என்று எழுதியிருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஒன்றும் ஆகவில்லைதான். ஆனால் அந்தப் பெருமை பம்புக்குப் போகக்கூடாது.

முதல் விஷயம், கடிக்கிற பாம்பில் பெரும்பாலானவற்றுக்கு மனிதனைக் கொல்லும் விஷமே கிடையாது. இரண்டாவது, விஷப் பாம்பும் கடிக்கிற ஒவ்வொரு தடவையும் விஷத்தை இறக்குவதில்லை. 1950களிலும் 60களிலும் பினாங்குப் பொது மருத்துவமனையில் இருந்த டாக்டர் அலிஸ்டர் ரீட் நம் வட மாநிலங்களின் பாம்புக்கடிகளை வரிசையாகக் கவனித்து எழுதி வைத்தார். நம் ஆட்கள் கப்பாக் போடோ என்று சொல்கிற குழிவிரியன் கடித்து வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு விஷத்தின் அறிகுறி இல்லை, அல்லது மிக லேசாகத்தான் இருந்தது என்பது அவர் கண்டது. அப்படியென்றால் கடிபட்ட பத்துப் பேருக்கு நீங்கள் பம்பு வைத்தாலும், வேப்பிலை அடித்தாலும், மலாய் மந்திரவாதி போமோவைக் கூப்பிட்டு ஊதச் சொன்னாலும், ஐந்து பேருக்கு மேல் தாமாகவே எழுந்து நடப்பார்கள். எங்கள் பக்கத்தில் பாம்புக்கடிக்கு மந்திரித்த ஒரு தாத்தாவுக்கு இருந்த பெயர் இப்படி வந்ததுதான். மீதிப் பேரின் கதை வேறு. அவர்கள் நட்சத்திரம் போட வருவதில்லை.

சரி, பம்பு உண்மையில் எவ்வளவு விஷத்தை எடுக்கும்? இதை அமெரிக்காவில் சோதித்து 2004இல் வெளியிட்டிருக்கிறார்கள். ஆபத்தில்லாத ஒரு திரவத்தை விஷத்துக்குப் பதிலாகத் தொண்டர்களின் காலில் ஊசியால் செலுத்தி, சில நிமிடத்திலேயே இதே வகைப் பம்பால் உறிஞ்சிப் பார்த்தார்கள். வெளியே வந்தது செலுத்தியதில் 0.04 சதவீதம். பத்தாயிரம் பங்கில் நாலு பங்கு! அதற்கு முன்பு பன்றிகளிடம் உண்மையான விரியன் விஷத்தை வைத்துச் செய்த சோதனையிலும் வீக்கம் குறையவில்லை. குப்பி ஒட்டியிருந்த இடத்தில் தசை கெட்டுப்போனதுதான் மிச்சம். சாம்பாரில் கரைந்த உப்பைக் கரண்டியால் அள்ளி எடுக்க முடியுமா? பல் நுழைந்த ஓட்டை வெளியே தெரிகிறது, விஷம் இருப்பது உள்ளே தசைக்குள், அதுவும் இறங்கிய கணத்திலிருந்து பரவிக்கொண்டே இருக்கிறது. குப்பிக்குள் சிவப்பாகச் சேர்வதைக் காட்டி "இதோ விஷம்" என்கிறது விளம்பர வீடியோ. அது ரத்தமும் நிணநீரும்.

பிளேடு இதைவிட மோசம். குழிவிரியன் கடித்தால் ரத்தம் உறையும் சக்தியே போய்விடும் என்று கீழே சொல்லப் போகிறேன். அந்த உடம்பில் கீறினால் ரத்தம் நிற்காது, புழுதிக் கையோடு கீறினால் சீழும் பிடிக்கும். ரப்பர் பட்டையைப் பற்றிக் கொஞ்சம் சூடாகவே சொல்ல வேண்டும். கயிறு, கைலிக் கிழிசல், சைக்கிள் டியூப் என்று எதையாவது இறுகக் கட்டி, கால் கருநீலமாகிப்போய் மருந்தகத்துக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் சிலரைக் கடித்தது விஷமே இல்லாத பாம்பு. பாம்பு செய்யாத கெடுதலைக் கயிறு செய்தது. விரியன் விஷம் ஏற்கனவே தசையை அரிக்கிறது. ரத்த ஓட்டத்தையும் நிறுத்தி விஷத்தை ஒரே இடத்தில் தேக்கினால் விரல் போகும், சில சமயம் காலும் போகும். யாராவது ஏற்கனவே கட்டிவிட்டிருந்தால், விஷம் இறங்கியிருக்கும் என்ற சந்தேகம் இருக்கும்போது பட்டென்று அவிழ்க்கவும் கூடாது. தேங்கியது மொத்தமாக ஓடும். மருத்துவர் பக்கத்தில் இருக்கும்போது அவிழ்ப்பதுதான் நல்லது.

ஆனால் இந்தப் பெட்டியின் பெரிய குற்றம் வேறு. இது நேரத்தைத் தின்கிறது. கட்டி, கீறி, குப்பி தேடி, உறிஞ்சி, விளக்கத்தாளைத் திருப்பிப் பார்த்து, "கொஞ்சம் பரவாயில்லையா?" என்று கேட்டு உட்கார்ந்திருக்கிற நேரத்தில், எங்கள் பக்கத்திலிருந்து கூலிம் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம்.

நேரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், ஒவ்வொரு பாம்பின் விஷத்துக்கும் ஒவ்வொரு வேலை இருக்கிறது. கப்பாக் போடோ கெடா, பெர்லிஸ் பக்கங்களில் அதிகம். பழுப்பு உடம்பில் கருமுக்கோணங்கள். காய்ந்த ரப்பர் இலைக்குள் படுத்தால் கண்ணுக்கே தெரியாது. ஆள் வந்தால் ஓடுகிற பழக்கமும் அதற்கு இல்லை. விடியும் முன்பு ரப்பர் பால் வெட்டப் போனவர்கள் அதை மிதித்தார்கள், அது கடித்தது. கடித்த பிறகும் அதே இடத்தில் கிடக்கும். வலி உடனே தொடங்கும், வீக்கம் பாதத்திலிருந்து கணுக்கால், முழங்கால் என்று ஏறும், ரத்தக் கொப்புளம் வரும். ரத்தத்தை உறைய வைக்கும் புரதத்தை விஷம் தீர்த்துக்கட்டிவிடும். இந்தக் குணத்தைப் பார்த்துத்தான் இதே விஷத்திலிருந்து ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து ஒன்றைக்கூட ஒரு காலத்தில் செய்தார்கள். கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை உண்டு. சுத்தமான கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து 20 நிமிடம் ஆடாமல் வைக்க வேண்டும். பிறகு சாய்த்துப் பார்த்தால் நல்ல ரத்தம் கட்டியாக நிற்கும். விஷம் ஏறியது தண்ணீராக ஓடும்.

நாகம் கதை வேறு. கடித்த இடம் வீங்கிக் கருத்துத் தசை அழுகலாம். நரம்பிலும் வேலை செய்யும். முதலில் இமை இறங்கும், பார்வை இரண்டு இரண்டாகத் தெரியும், எச்சில் விழுங்க முடியாது, பேச்சு குழறும், கடைசியில் மூச்சுத் தசை நிற்கும். நம் நாட்டில் துப்பும் நாகமும் உண்டு. விஷம் கண்ணில் பட்டால் கசக்காமல் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குத் தாய்ப்பாலும் வேண்டாம், மூலிகைச் சாறும் வேண்டாம்.

கட்டுவிரியன்தான் என்னை அதிகம் பயமுறுத்தியது. ராத்திரியில் வரும், கடித்தால் வலியே இருக்காது, பல் தடமும் சரியாகத் தெரியாது. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், தரையில் பாய் போட்டுத் தூங்கிய ஒரு பெண்ணை விடியற்காலையில் வயிற்று வலி என்று கூட்டி வந்தார்கள். "டிரசர் ஐயா, நேத்து சாப்பிட்டது ஒத்துக்கல போல" என்றார் கணவர். அந்தப் பெண் என்னைப் பார்க்கத் தலையை அண்ணாந்துகொண்டார். இமை தூக்க முடியவில்லை. மிக்ஸர் மருந்து ஊற்றாமல் வேனில் ஏற்றினேன். ஆஸ்பத்திரியில் பல நாள் இயந்திரம்தான் அவருக்கு மூச்சு விட்டது. பிழைத்து வந்து மறுபடி பால் வெட்டினார். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. கட்டுவிரியன் விஷம் நரம்பு முனையையே உடைக்கிறது. உடைந்த பிறகு விஷமுறிவு மருந்து கொடுத்தாலும் அது ஒட்டாது. உடம்பு தானாகப் புதிதாக வளர்த்துக்கொள்ளும் வரை இயந்திரத்தோடு காத்திருக்க வேண்டியதுதான். தசைக்கும் அப்படியே. ரத்தத்தில் சுற்றுகிற விஷத்தைத்தான் மருந்து பிடித்துக் கட்டும். செத்த தசைக்கு அது உயிர் கொடுக்காது.

அந்த மருந்தைப் பற்றியும் நம் ஆட்களிடம் பல தவறான எண்ணம் இருக்கிறது. இது பெனடால் மாத்திரை மாதிரி எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. நம் நாட்டு மருத்துவமனைகளில் பெரும்பாலும் இருப்பது பாங்காக்கில் தாய்லாந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் சௌவபா நிலையம் தயாரிப்பது. குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷத்தைப் பழக்கி, அதன் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுக்கிறார்கள். நாகம், ராஜநாகம், கட்டுவிரியன் வகைகளுக்கு ஒன்று, குழிவிரியன் வகைகளுக்கு இன்னொன்று. தமிழ்நாட்டில் கிடைப்பதைச் சொந்தக்காரரிடம் சொல்லிக் கொண்டு வரலாமே என்று எங்கள் காப்பிக்கடையில் ஒருவர் கேட்டார். அங்குள்ளது அந்த ஊர் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் சேர்த்துச் செய்தது. அதற்கான விஷத்தைச் சென்னைக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுக்கிறது, அருமையான வேலை. ஆனால் கண்ணாடி விரியனும் சுருட்டையும் நம் காட்டில் இல்லை, கப்பாக் போடோ அந்த மருந்தின் கணக்கில் இல்லை. இந்த ஊர்ப் பாம்புக்கு இந்த ஊர்ப் பாம்பை வைத்துச் செய்த மருந்துதான்.

குதிரைப் புரதம் என்பதால் சிலருக்கு ஒவ்வாமை வரும், ரத்த அழுத்தம் விழும். அதனால் அட்ரினலின் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ரத்தக் குழாய் வழியாக, ஆஸ்பத்திரியில்தான் ஏற்ற வேண்டும். அறிகுறி இல்லாதவருக்கு ஏற்றவும் மாட்டார்கள். "கூட்டிட்டுப் போனோம், ஊசியே போடல, சும்மா படுக்க வெச்சிருக்காங்க" என்று கோபப்படாதீர்கள். 24 மணி நேரம் படுக்க வைத்து, பேனாவால் வீக்கத்தின் எல்லையைக் கோடு போட்டு, திரும்பத் திரும்ப ரத்தம் எடுத்துப் பார்ப்பதுதான் சரியான வைத்தியம். எந்த மருந்து, எத்தனை குப்பி என்று மருத்துவருக்குச் சந்தேகம் வந்தால் கேட்பதற்கு 2012 முதல் நாடு முழுக்க நிபுணர் குழு ஒன்று தொலைபேசியில் இருக்கிறது. குழந்தைக்கும் பெரியவருக்கும் மருந்தின் அளவு ஒன்றுதான். விஷம் ஆளைப் பார்த்து அளந்து இறங்குவதில்லை.

ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். செம்பனைக் குலை வெட்டுகிற பங்களாதேஷ் தம்பி ஒருவரைக் குழிவிரியன் கடித்தது. கூட்டாளிகள் பக்கத்திலிருந்த தனியார் கிளினிக் ஒன்றுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே தொடையில் வலி ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ரத்தம் உறையாத உடம்பில் தசையில் ஊசி போட்டால் என்ன ஆகும்? மறுநாள் நான் பார்த்தபோது தொடை கத்திரிக்காய் நிறத்தில் இருந்தது, கால் முட்டி வரை வீங்கியிருந்தது. பிழைத்தார், ஆனால் பாதத்தில் தோல் ஒட்ட வேண்டியதாயிற்று. ஆகவே பாம்பு என்றால் கிளினிக்கில் நிற்க வேண்டாம், நேரே அவசரப் பிரிவு உள்ள அரசு மருத்துவமனை. குடிமக்களுக்கு வெளிநோயாளிப் பதிவு 1 வெள்ளிதான். வெளிநாட்டுத் தொழிலாளி பில்லுக்குப் பயந்து சொல்லாமலே படுத்துவிடுவார், அதனால் முதலாளி முதலில் காரை எடுக்க வேண்டும், கணக்கை அப்புறம் பார்க்கலாம்.

மாப்பிள்ளைக்கு நான் சொன்னது இவ்வளவுதான். கடிபட்டால் உட்கார வை, நடக்க விடாதே. மோதிரம், கடிகாரம், கொலுசு எல்லாவற்றையும் கழற்று, வீங்கிய பிறகு வராது. கை காலை ஆடாமல் ஒரு குச்சியோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டு. கடித்த நேரத்தைப் பேனாவால் தோலிலேயே எழுது. வண்டி இல்லையென்றால் 999ஐக் கூப்பிடு. பாம்பை அடித்துக் கொண்டுவர வேண்டாம். தள்ளி நின்று கைப்பேசியில் படம் எடுக்க முடிந்தால் எடு, முடியாவிட்டால் கிளம்பு. வெட்டிய தலைகூடக் கடிக்கும். பிடிக்கிற வித்தை தெரிந்தவரையே அது விடுவதில்லை. தீயணைப்புப் படையில் பாம்பு பிடிப்பதில் பெயர் பெற்ற அபு ஸரின் ஹுசின், 2018 மார்ச்சில் நாகம் கடித்துத்தான் இறந்தார். வீட்டுக்குள் பாம்பு வந்தால் பொம்பாவையோ (தீயணைப்புப் படை) பொதுத் தற்காப்புப் படையையோ கூப்பிடுங்கள், வருவார்கள்.

அந்த 49 வெள்ளியை எதில் போட்டிருக்கலாம்? முழங்காலுக்குக் கீழே வரை வருகிற ரப்பர் பூட்ஸ். எங்கள் ஊர் ஹார்ட்வேர் கடையில் பாதி விலைக்கும் குறைவு. இதற்கு ஐந்து நட்சத்திரம். கால் வேர்க்கும், மழையில் உள்ளே சேறு போகும், எனக்கும் பிடிக்காது. ஆனால் கடி விழுவது பெரும்பாலும் பாதத்திலும் கணுக்காலிலும். ராத்திரி வெளியே வைத்தால் காலையில் கவிழ்த்துத் தட்டிவிட்டுப் போட வேண்டும், தேளும் பாம்பும் இருட்டான இடத்தைத் தேடும். மீதிக் காசில் தலையில் மாட்டுகிற டார்ச். உதிரிப் பழத்தை வெறுங்கையால் பொறுக்குவதைவிட வாரியால் இழுத்துச் சேர்ப்பது நல்லது. மட்டையைக் குவிக்கும் இடத்தில் கையை விட வேண்டாம்.

உலகச் சுகாதார நிறுவனம் பாம்புக்கடியை 2017இல்தான் புறக்கணிக்கப்பட்ட நோய்ப் பட்டியலில் சேர்த்தது. ஆண்டுக்கு 81,000 முதல் 138,000 பேர் வரை இறக்கிறார்கள் என்பது அவர்கள் கணக்கு; உறுப்பு இழந்தோ ஊனமாகியோ வாழ்பவர்கள் அதைப்போல மூன்று மடங்கு. அத்தனை பேரும் பெரும்பாலும் வயலிலும் தோட்டத்திலும் வேலை செய்கிறவர்கள். இந்தப் பம்பு விற்பதும் அதே ஆட்களிடம்தான்.

இதையெல்லாம் சுருக்கி மலாயில் விற்பனைப் பக்கத்தில் போட்டேன். விற்பனையாளர் அரை மணியில் பதில் அனுப்பினார்: "தெரிமா காசே போஸ்" (நன்றி, முதலாளி). ஐந்து நட்சத்திரமாக மாற்றினால் அடுத்த பொருளுக்கு 5 வெள்ளி கழிவு தருகிறாராம். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, பெட்டியைத் திறந்துவிட்டதால் முடியாது என்கிறார். மாப்பிள்ளை படத்தோடு புகார் அனுப்பியிருக்கிறார், இன்னும் பதில் வரவில்லை.